மதமாற்றமும் சாட்சியமும்: 16ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் மதம் மாறிய யூதரின் எழுத்துக்கள்

மதம் மாறியோர் எழுதிய சமய நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புவர்: அம்மாற்றம் மெய்யானதா, ஆதாயங் கருதியதா? இவ்வினா நூலை விட்டு நூலாசிரியரின் நெஞ்சைத் துருவுவது. நெஞ்சுக்குச் சான்றில்லை, எழுத்துக்கும் அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளுக்கும் சான்றுண்டு. அவ்வகையில் இருவரை ஈண்டு நோக்கலாம்.

யூதர் கொலோன் நகரினின்றும் 1424இலும் ரேகன்ஸ்பேர்க்கினின்றும் 1519இலும் வெளியேற்றப்பட்டனர். கைவினைச் சங்கங்கள் அவர்களைச் சேர்ப்பதில்லை. வட்டித் தொழிலே பலருக்கு எஞ்சியது. மதம் மாறியவன் அத்தொழிலையும் சுற்றத்தையும் ஒருங்கே இழந்தான். மதம் மாறுவோரின் உடைமையைக் காப்பதற்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் 1542இல் தனி ஆணை பிறப்பிக்க நேர்ந்தமை, அவ்வுடைமை எத்துணைப் பாதுகாப்பற்றிருந்தது என்பதைப் புலப்படுத்தும். இந்நிலையில் அவனிடம் எஞ்சிய மூலதனம் ஒன்றே: தான் பிறந்த சமூகம் பற்றிய அறிவு. திருச்சபையும் பல்கலைக்கழகமும் அச்சகமும் அதனை வேண்டி நின்றன.

ஜோகன்னஸ் பெஃபர்கோர்ன் 1507இல் வெளியிட்ட 'யூதக் கண்ணாடி', யூதர் கிறித்தவக் குழந்தைகளைக் கொல்கின்றனர் என்ற பழியை மறுத்தது. அதேவேளை அவர்தம் நூல்களைப் பறிக்குமாறும் கோரியது. 1509இல் பேரரசர் மக்சிமிலியனின் ஆணை பெற்றுப் பிராங்பேர்ட்டில் நூல்களைப் பறிமுதல் செய்தவரும் இவரே. மறுத்துரைத்த ரொய்க்லினின் பக்கம் மனிதநேயவாதிகள் அணிதிரண்டனர். ஆயின், அவ்வணியினர் எழுதிய 'இருள்மனிதரின் கடிதங்கள்' பெஃபர்கோர்னின் கருத்துக்களோடு அவரது யூதப் பிறப்பையும் எள்ளி நகையாடியது. முற்போக்கு அணியினர்க்கும் ஞானஸ்நானம் அவரது பிறப்பைக் கழுவிவிடவில்லை.

அந்தோனியுஸ் மார்கரித்தா ரேகன்ஸ்பேர்க்கின் யூத குருமார் குடும்பத்தவர். 1522இல் மதம் மாறினார். 1530இல் வெளிவந்த இவரது 'முழுமையான யூத நம்பிக்கை' யூதரின் பண்டிகைகளையும் சடங்குகளையும் விவரித்து, அவர்தம் வழிபாட்டுரைகளையும் ஜேர்மனில் பெயர்த்துத் தந்தது. அதனோடு, யூதர் கிறித்தவரைச் சபிக்கின்றனர், ஆட்சியாளர்க்கு விசுவாசமற்றவர் என்றும் குற்றஞ்சாட்டியது. அவ்வாண்டே அவுக்ஸ்பேர்க்கில் யூதர் சார்பில் வாதாடிய ரோஸ்ஹைம் யோசெல் இவற்றை முறியடித்தார். மார்கரித்தா நகரினின்றும் வெளியேற்றப்பட்டார். வாதம் தோற்றது, நூல் தோற்கவில்லை. 1543இல் யூதருக்கெதிராக லூதர் எழுதியபோது அதனைப் பயன்படுத்திக்கொண்டார்.

இவற்றைப் பிழைப்புக்கான எழுத்தென்று ஒதுக்குவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். பொருளாதாரம் இவர்கள் ஏன் எழுத நேர்ந்தது என்பதை விளக்கும். என்ன எழுதினர் என்பதை முற்றாக விளக்காது. பெஃபர்கோர்ன் கொலைப்பழியை மறுத்தமை அவருக்கு ஆதாயம் தரக்கூடியதன்று. இகழ்வதற்காக மார்கரித்தா பதிவு செய்த சடங்குகளோ இன்று அவ்வாழ்வின் வரலாற்றுக்கு மூலங்களாகியுள்ளன. இம்முரண்பாடே இந்நூல்களின் உயிர்நிலை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அதிகாரம் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் 'உள்ளிருந்து வந்த சாட்சி'யை விரும்பி ஏற்கும்; சாட்சியை ஏற்பதில்லை. அத்தகைய சாட்சியத்தை வாசிப்போர், அதனைக் கேட்டு வாங்கியவர் யார் என்பதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.