கல்தேரும் துறைமுகமும்

ஓவியம் கண்ணுக்கு விருந்து. ஆயினும் அதனை வரலாற்றுச் சான்றாக மாணவர்முன் வைக்கும் ஆசிரியர்க்கு விழிப்பு வேண்டும். இதனை விளக்க வில்லியம் டேனியலின் அச்சோவியங்கள் தக்க எடுத்துக்காட்டாம். மாமல்லபுரத்துக் கல்தேர்களையும் பினாங்குத் தீவின் கரையையும் செப்புத்தகட்டில் ஏற்றியவர் அவரே.

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தாவில் வந்திறங்கினர். 1792, 1793ஆம் ஆண்டுகளில் தென்னாட்டைச் சுற்றினர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 ஓவியங்களுள் மாமல்லபுரக் காட்சிகளும் உண்டு. செப்புத்தகட்டில் பிசின்தூளைப் படியவைத்து, அமிலத்தால் படிப்படியாக அரித்து, ஒளியும் நிழலும் தோன்றச் செய்வது அவர்கள் கையாண்ட முறை. மணலின் வெளிறிய ஒளியையும் பாறையின் நிழலையும் காட்ட அது மிகவும் ஏற்றது. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. அதற்கு முன்னரே இத்துணைத் திருத்தமாகக் கட்டடங்களை வரைந்து வைத்தமைக்குத் தமிழுலகம் நன்றி பாராட்டல் வேண்டும்.

எனினும் குறை ஒன்று உண்டு. மாமல்லபுரக் காட்சிகள் ‘இந்தியத் தொல்பொருள்கள்’ என்ற வரிசையில் இடம்பெற்றன. பாழடைந்த பழங்கோயில்களை நாடிய ஐரோப்பியச் சுவைக்கு மணல்வெளியில் நிற்கும் கல்தேர்களும் அழிவின் சின்னமாகவே தோன்றும். உண்மை வேறு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்காலச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தனர். அடிப்பகுதி முடியுமுன் பணி நின்றது. ஆகவே அவை இடிந்த கோயில்கள் அல்ல, முற்றுப்பெறாத கோயில்கள். இடிபாடு என்று காண்பவன் காலத்தின் கொடுமையை எண்ணி இரங்குவான். முற்றுப்பெறாமை என்று காண்பவனே உளி பிடித்த கையை நினைப்பான்.

பினாங்குப் படங்களிலும் இதே நிலைதான். படைப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் தீவிலிருந்து வரைந்தவற்றை வில்லியம் டேனியல் தகட்டில் செதுக்க, பத்துக் காட்சிகள் 1821இல் வெளிவந்தன. குன்றும் அருவியும் தோட்ட மாளிகையும் கடற்கரையும் அமைதியின் உருவமாக நிற்கின்றன. ஆனால், பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதிய அறிக்கை வேறொரு பினாங்கைக் காட்டுகிறது. சோழமண்டலக் கரையினர் ஏறத்தாழ 1,000 பேர் கடைக்காரராகவும் கூலிகளாகவும் அங்குக் குடியேறியிருந்தனர். கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை அக்கரையிலிருந்து கொணர்ந்தன. படங்களின் தலைப்புகளில் சீனர் ஆலைக்கு இடம் உண்டு, தமிழர்க்கு இல்லை.

ஓவியன் குடிக்கணக்கு எடுப்பவன் அல்லன். வாங்குவோர் விரும்பிய இயற்கைக் காட்சியை அவன் தந்தான் என்பார் உளர். அது நேர்மையான விடையே. ஓவியனைக் குற்றவாளியாக்குவது திறனாய்வு ஆகாது. ஆனால் அவன் வரையாமல் விட்டதை ‘இல்லாதது’ என்று கொள்வது படிப்பவர் பிழை. கல்தேரில் உளி மறைந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள் மறைந்தது. இரண்டிடத்தும் மறைந்தது உழைப்பே.

ஆதலின் வகுப்பில் பினாங்குப் படத்தைக் காட்டும் ஆசிரியர், லைட்டின் அறிக்கையையும் உடன் வைத்தல் நன்று. கல்தேர்ப் படத்தைக் காட்டுவோர் அதன் முடியாத அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டல் வேண்டும். இதனைச் செய்தவர் யார், செய்தவர் ஏன் படத்தில் இல்லை என்ற இரண்டு வினாக்களை மாணவன் கேட்கப் பழகினால், டேனியலின் அழகும் குறையாது. தமிழர் வரலாறும் மறையாது.