பத்தொன்பது வயது மூப்பர்

ஜப்பானிய மொழியில் ‘சோரோ’ என்றால் முதியவர், ஊருக்குப் பெரியவர். ஃபுகுவோகா நகரத் தெருவில் வெள்ளைச் சட்டையும் தலைக்கவசமுமாக மிதிவண்டியில் போகிற, தாடி இன்னும் சரியாக அரும்பாத அமெரிக்கப் பையனின் கறுப்புப் பெயர்வில்லையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ தன் ஆண் ஊழியக்காரர்களுக்குத் தரும் பட்டத்தின் நேர்பெயர்ப்பு அது. தமிழ்ச் சபைகளின் வழக்கில் சொன்னால் ‘மூப்பர்’. வயதில் மூப்பு கிடையாது, ஊர் தெரியாது, மொழி பாதி வாயிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் வந்து இறங்கிய அன்றே மூப்பர். இந்த ஊழிய முறையின் வலுவையும் கோளாறையும் ஆராய அந்தப் பெயர்வில்லையைவிட நல்ல தொடக்கம் இல்லை.

முறை எளிமையானது. பள்ளி முடித்த ஆண்கள் 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டு போகலாம். பெண்கள் ஒன்றரை ஆண்டு. எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டி முடிவு செய்யும்; விருப்பம் கேட்பதில்லை. சம்பளம் கிடையாது. அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் கட்டுகின்றன. பிள்ளை டோக்கியோவுக்குப் போனாலும் லிமாவுக்குப் போனாலும் தொகை ஒன்றே. விலைவாசி அதிகமான ஊர் கிடைத்த பிள்ளையின் குடும்பம் மட்டும் கடன்படக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. 2024 இறுதியில் இப்படி உலகெங்கும் ஊழியத்தில் இருந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

ஒரு புது ஊருக்குள் அந்நியன் ஒருவனை இத்தனை சீக்கிரம் இறக்கிவிடும் ஏற்பாடு வேறெங்கும் அரிது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். யூட்டா மாநிலத்தின் புரோவோ பயிற்சி மையத்தில் ஜப்பானிய மொழிக்குக் கிடைப்பது சுமார் இரண்டு மாதம். தப்பும் தவறுமாக இருந்தாலும் சாப்பாட்டு மேசைவரை அந்த மொழியிலேயே பேச வேண்டும் என்பது அங்கே நடைமுறை. பிறகு விமானம். இறங்கியதும் ஓர் இணை கிடைக்கும், பல நேரம் உள்ளூர் ஜப்பானியரே. இருவரும் ஒரே அறையில் தங்கி, ஆறரைக்கு எழுந்து, காலையில் மொழி படித்து, பிறகு தெருவுக்கு இறங்க வேண்டும். புரோவோவில் இலக்கணம் வழுவாமல் கற்ற ஜப்பானிய மொழி ஃபுகுவோகாவின் ஹகாதா வட்டார வழக்கின் முன் முதல் வாரமே மண்ணைக் கவ்வும். காய்கறிக் கடைக்காரம்மா பேசுவது புரியாது. புரியாவிட்டாலும் மறுநாள் அவரிடம் பேசியே ஆக வேண்டும். எட்டு மாதத்தில் அந்தப் பையன் பேசும் மொழி நான்காண்டு பல்கலைக்கழகப் படிப்பை வெட்கப்பட வைக்கும். கென்ட் கில்பர்ட் 1971இல் ஜப்பானுக்கு வந்தது இப்படியொரு ஊழியக்காரராகத்தான். பிறகு வழக்கறிஞராகத் திரும்பி வந்து, 1980களில் ஜப்பானியத் தொலைக்காட்சியின் தெரிந்த முகமானார்.

இரண்டாவது வலு, மறுப்பைத் தாங்கும் பயிற்சி. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ மதக் கூட்டம் நச்சுவாயு பரப்பிய நாளிலிருந்து, மதம் பேசி வாசலில் நிற்பவர் என்றாலே ஜப்பானியர் மனத்தில் ஒரு தாழ்ப்பாள் விழுகிறது. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொலையுண்டு, கொலையாளியின் கோபத்துக்குப் பின்னால் ஒருங்கிணைப்புத் திருச்சபை எனும் மத அமைப்பு இருந்தது வெளிவந்ததும் அந்தத் தாழ்ப்பாள் இன்னும் இறுகியது. அடுக்குமாடிகளின் கீழ்க்கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். மேலே இருப்பவர் கேமராவில் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக ‘வேண்டாம்’ என்பார். நாளெல்லாம் அந்த ஒரு சொல்லையே கேட்டுவிட்டு மறுநாள் காலை மறுபடி மிதிவண்டியை எடுப்பது எளிதான காரியமில்லை. பத்தொன்பது வயதில் இதைப் பழகியவன் பின்னாளில் எந்த வேலைக்குப் போனாலும் துவண்டு போவதில்லை.

இனிக் கோளாறுகளுக்கு வருவோம். ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து தொடங்கலாம். அபூர்வமாக ஒரு மூதாட்டி கதவைத் திறக்கிறார். செருப்பைக் கழற்றி உள்ளே வரச் சொல்லி, பச்சைத் தேநீர் ஊற்றி வைக்கிறார். மார்மன் நெறியில் தேநீரும் காப்பியும் விலக்கு. பச்சைத் தேநீரும் அதில் அடங்கும் என்று 2019இல் சபை வெளிப்படையாகவே சொன்னது. பையன் குனிந்து, மன்னிப்புக் கேட்டு, மறுக்க வேண்டும். விவரம் தெரிந்த இணை ‘முகிச்சா’ எனும் பார்லித் தேநீர் இருந்தால் போதும் என்று சமாளிப்பான். சங்கடம் இதோடு தீர்ந்துவிடும். இதில் வெளிப்படும் உறவின் வடிவம் தீராது. வந்தவன் கொடுக்க வந்திருக்கிறான். வாங்கிக்கொள்ள அவனிடம் இடம் குறைவு. ஃபுகுவோகாவின் உயிர் இரவு நேரத் தெருக்கடைகளில், முகம் தெரியாதவரோடு தோள் உரசி உட்கார்ந்து குடிக்கும் பலகைகளில் இருக்கிறது. அந்த நேரம் அவன் அறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். சுற்றுலாப் பயணி கனவிலும் காணாத சந்துகள் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அந்த ஊர் எதற்குச் சிரிக்கிறது, எதைக் குடித்துவிட்டு அழுகிறது என்பது அவனுக்குத் தெரியாமலே போகிறது.

அதைவிடப் பெரிய கோளாறு மாற்றல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை உத்தரவு வரும். எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் வராது. சிலர் ஒரே ஊரில் ஐந்தாறு மாதம் இருப்பதுண்டு. ஆனாலும் பெட்டி எப்போதும் பாதி கட்டியே இருக்கும். இணை மாறுவான், ஊர் மாறும். இதற்குக் காரணம் சொல்லப்படாமல் இல்லை: ஒருவனோடு ஒருவன் ஒத்துப்போகக் கற்க வேண்டும், ஓர் ஊரிலோ ஒரு வீட்டிலோ பற்று வைத்துவிடக் கூடாது. துறவு மடத்துக்கு இது பொருந்தும். ஆனால் இந்தப் பையன்கள் செய்வதே பற்றை உண்டாக்கும் வேலை. தனிமையில் இருக்கும் ஒருவரை வாரம் மூன்று முறை போய்ப் பார்த்து, அவர் மகனின் பள்ளிப் பிரச்சினை வரை கேட்டு, ஞானஸ்நானம் வரை கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த மாதம் அந்த இருவரில் ஒருவன் வேறோர் ஊரில், மற்றவன் நாகசாகியில். மதத்துக்காக வந்தாரா நட்புக்காக வந்தாரா என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே விளங்கும்.

இந்தப் பலவீனத்தின்மேல் எண்ணிக்கை ஏறி உட்காரும்போது விபரீதமாகிறது. எத்தனை பாடம் நடந்தது, எத்தனை பேர் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்தாயிற்று என்று வாராவாரம் கணக்குப் போகும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் பேஸ்பால் ஆடக் கூப்பிட்டுச் சிறுவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதை மார்மன் வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்தது. 1970களின் இறுதியில் டோக்கியோ தெற்கு மிஷன் எனும் ஊழிய வட்டாரத்திலும் இளைஞர்களை அவசர அவசரமாகச் சேர்த்து எண்ணிக்கை வானத்தைத் தொட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் திரும்ப வரவில்லை. ஜப்பான் சபையின் ஏட்டில் இன்று சுமார் 1,30,000 பெயர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் அந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சபை திருந்தவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பாடங்களை வரிக்கு வரி ஒப்பிக்கும் வழக்கத்தை 2004இல் கைவிட்டது. ஆண்டுக்கு இரண்டே முறை வீட்டோடு தொலைபேசலாம் என்றிருந்த கெடுபிடியை 2019 பிப்ரவரியில் தளர்த்தி, வாரம் ஒருமுறை பேச அனுமதித்தது. புது ஊரில் மனம் ஒடிந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் முகம் மருந்து. அந்த மருந்தை இத்தனை காலம் பூட்டி வைத்திருந்ததுதான் வியப்பு. ஆனாலும் பாதியில் திரும்பி வரும் பிள்ளையை ஊர் பார்க்கும் பார்வை முழுதாக மாறிவிடவில்லை. சபை நடத்தும் வாராந்திர இலவச ஆங்கில வகுப்பும் நல்ல காரியம். மதம் வேண்டாதவரும் வந்து உட்காரலாம். நகரமும் பையனும் ஓரளவு சமமாகச் சந்திக்கும் இடம் அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்த முறையின் வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். 1901 ஆகஸ்டில் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கிய முதல் நால்வரில் இளையவர் ஆல்மா டெய்லர். அப்போதுதான் 19 நிறைந்திருந்தது. தலைவராக வந்த ஹீபர் கிராண்டுக்கு மொழி பிடிபடவில்லை. இரண்டாண்டில் ஊர் திரும்பினார். டெய்லர் 1910 வரை இருந்தார். சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். நடையை ஜப்பானிய எழுத்தாளர்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார். 1909இல் நூல் வெளிவந்தது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்த மிஷன் தோல்வி: 1924இல் மூடும்வரை சேர்ந்தவர்கள் 200 பேர்கூட இல்லை. மூட உத்தரவிட்டவரும், அதற்குள் சபைத் தலைவராகிவிட்ட அதே கிராண்ட்தான். 1948இல் மிஷன் மறுபடி திறந்தது. கணக்கில் தோற்ற டெய்லர், தன் வேலையை ஊரார் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அதற்கு அவருக்கு எட்டரை ஆண்டு தேவைப்பட்டது. ஆறு வார மாற்றலில் அந்த இடத்துக்கு வர வழியில்லை.

ஆக, இளைஞனை ஆளாக்கும் பள்ளியாக இதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுக்கலாம். நகரத்தோடு கொள்ளும் உறவாகப் பார்த்தால் குறைவாகத்தான் கொடுக்க முடியும், ஏனென்றால் அந்தப் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவது அவன் குடும்பம் மட்டுமல்ல. நம்பிக் கதவைத் திறந்து, பழகி, பிறகு வழியனுப்பிவிட்டு உட்காரும் உள்ளூர்க்காரரும் கட்டுகிறார். சிறிய சபை ஒன்றின் முன்வரிசையில் இருக்கும் மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டாகப் புதிது புதிதாக வரும் பையன்களுக்கு உச்சரிப்பைத் திருத்தி, குளிருக்குக் கம்பளி கொடுத்து, பேர் மறந்துபோகும் அளவுக்கு எத்தனையோ பேரை அனுப்பி வைத்தவர். பெண் என்பதால் அந்தச் சபையின் முறைப்படி அவருக்கு மூப்பர் பட்டம் கிடையாது. ஆனால் ஜப்பானிய மொழி சொல்லும் பொருளில் அங்கே ‘சோரோ’ யார் என்று தெருவில் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.