பெட்டி வராத படங்கள்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது நிகண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை. நான் கொடுத்திருப்பதோ சினிமாவைப் பற்றி. பெங்களூரில் நாற்பது வருஷம் ஆரணி அரிசி விற்றவனுக்குச் சினிமாவோடு என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நெல் விளைவிப்பது ஒரு தொழில், அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பது இன்னொரு தொழில். இரண்டாவது தெரியாமல் முதலாவதை மட்டும் தெரிந்தவன் நஷ்டப்படுவான். இதை மண்டியில் தினமும் பார்த்தவன் நான். இன்று தமிழில் நல்ல சிறு படங்கள் எடுக்கிற பிள்ளைகளுக்கு நேர்வதும் இதுவே என்பது என் துணிபு. தவறிருந்தால் பெரியோர் திருத்துக.

பெட்டிக் காலம்

நான் வாலிபனாக அல்சூரில் குடியேறிய காலத்தில் சினிமா என்றால் பெட்டி. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டரை மணிநேரப் படம் என்றால் பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடி. அது தகரப் பெட்டிகளில் அடைத்து ரயிலிலோ பஸ்ஸிலோ வரும். லாவண்யா தியேட்டர் வாசலில் நின்று "பெட்டி வந்துருச்சா?" என்று கேட்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வியாபார வலை இருந்தது. தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டோடு சேர்ந்த வட தென் ஆற்காடு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று ஏரியா பிரித்து விற்பார்கள். கர்நாடகம் தனி ஏரியா. அதைக் காந்திநகரில் ஆபீஸ் வைத்திருக்கும் விநியோகஸ்தர் வாங்குவார். மினிமம் கேரண்டி என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேசிய தொகை உண்டு. அட்வான்ஸ் என்றால் ஓடாதபோது திருப்பித் தரவேண்டும். எங்கள் மண்டியிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஒரு பிரிண்ட் போட ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் ஆன காலத்தில், நட்சத்திரம் இல்லாத படத்துக்குப் பத்துப் பிரிண்ட் போடுவதே பெரும்பாடு. அப்போது எல்லாரும் சொன்னது ஒன்று: பிலிம் ஒழிந்தால் சிறிய படங்களுக்கு விடிவு.

பிலிம் ஒழிந்துவிட்டது. 2005ல் கமல்ஹாசன் 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்தபோது அது அதிசயம். இன்று கல்லூரிப் பையன்கூட அப்படித்தான் எடுக்கிறான். விடிவு வந்ததா என்பதே நம் கேள்வி.

கையொப்பக்காரர்கள்

மக்களிடம் பணம் திரட்டிப் படம் எடுப்பதைப் புதுயுகக் கண்டுபிடிப்பு என்று பேசுகிறார்கள். அப்படியல்ல. உ. வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் அச்சாகும் முன்பே பல பேரிடம் கையொப்பம் வாங்கி முன்பணம் சேர்த்தார். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் அது உதவியது. அதற்கும் முன்னால், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், இதே கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் ஓலைப் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார். காவியத்தை இயற்றியவர் பொன்னன். அது அழியாமல் மக்களிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் படியெடுத்துப் பரப்பிய கைகள். தானங்களில் சாஸ்திர தானத்தை எங்கள் முன்னோர் உயர்வாக வைத்ததன் பொருள் இதுவே என்று நினைக்கிறேன்.

சினிமாவிலும் முன்னுதாரணம் உண்டு. ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்குக் குஜராத் பால் கூட்டுறவைச் சேர்ந்த ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். ஆக மொத்தம் பத்து லட்சம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற குழுவைக் கூட்டி, ஊர் ஊராகச் சாப்ளின் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் சில்லறையாக வசூலித்து 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். முடித்த படத்தையும் தியேட்டரை நம்பாமல் ஊர் ஊராகவே கொண்டுபோய்க் காட்டினார்கள். இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பணம் கொடுத்தவனே பார்வையாளனாகவும் இருந்தான் என்பது. பால்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள் என்பர். முதல் போட்டவன் சரக்கை வாங்கவும் வந்தால் அந்த வியாபாரம் எப்படி முழுகும்?

லூசியா: பணத்தின் குணம்

நம் பெங்களூருக்கு வருவோம். பவன் குமார் என்ற கன்னட இயக்குநருக்குத் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. தம் மனத்தாங்கலை வெளிப்படையாக எழுதினார். இணையத்தின் வழியாக 27 நாளில் 110 பேர் சேர்ந்து 51 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதில் பிறந்தது 'லூசியா' (2013). லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதும் பெற்றது. கணக்குப் போட்டால் ஆளுக்குச் சராசரி நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வருகிறது. ஆகவே இதை இரண்டு ரூபாய்க் கூட்டுறவோடு ஒன்றாக வைக்கக்கூடாது. இது நடுத்தர வர்க்கத்தார் சேர்ந்து போட்ட சீட்டு என்பதே பொருத்தம். குறையாகச் சொல்லவில்லை, வேறுபாட்டைக் காட்டுகிறேன்.

படத்தின் நாயகன் நிக்கி ஒரு பழைய தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுபவன். தூக்கம் வராமல் தவிப்பவன் ஒரு மாத்திரை சாப்பிடுகிறான். கனவில் பெரிய நடிகனாகிறான். டார்ச்காரன் வாழ்க்கை வண்ணத்திலும் நடிகன் வாழ்க்கை கறுப்பு வெள்ளையிலும் வருகின்றன. எது கனவு, எது நனவு என்ற முடிச்சு கடைசியில் தலைகீழாக அவிழ்கிறது. போலீஸ் விசாரணைக் காட்சிகள் சில முடிச்சை மறைப்பதற்கென்றே வைத்தவை, இழுவைதான். ஆனால் கடன்பட்டுத் தியேட்டரைக் காப்பாற்றப் பார்க்கும் சங்கரண்ணா பாத்திரம் மனசில் நிற்கிறது. தியேட்டர்க்காரனின் வலியைச் சொன்ன படத்துக்குத் தியேட்டர்க்காரர்களைச் சாராத பணம் வந்தது என்பதும் நோக்கத்தக்கது.

இதே கதை தமிழில் 'எனக்குள் ஒருவன்' (2015) என்று வந்தது. பிரசாத் ராமர் இயக்கினார், சித்தார்த் நடித்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் படம் நம்மைக் கன்னடத்தைப் போல அசைக்கவில்லை. ஏன்? கன்னடத்தில் நடித்த சதீஷ் நீநாசம் அப்போது பெரிய நட்சத்திரம் அல்லர். அவர் டார்ச்சோடு நின்றால் டார்ச்காரன், அவ்வளவுதான். அவர் நடிகனாக வரும்போது நமக்கு அது கனவு என்று தோன்றுகிறது. தமிழில் ஏற்கெனவே நாமறிந்த ஹீரோ முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு டார்ச் அடிக்கிறார். பார்த்த மாத்திரத்தில் எது வேஷம் என்று தெரிந்துவிடுகிறது. முடிச்சு முதல் ரீலிலேயே அவிழ்ந்துபோகிறது. வழக்கமான முதலீட்டில் எடுத்தால் தெரிந்த முகம் வேண்டும், இல்லாவிட்டால் ஏரியா விற்காது. எங்கிருந்து பணம் வருகிறது என்பது கதையின் உள்ளே புகுந்து வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கூழாங்கல்: இரண்டே முக்கால் வருஷம்

இனித் தமிழில் நேராகப் பிறந்த ஒன்று. பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப்படம். ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் இதுதான். நயன்தாரா, விக்னேஷ் சிவன் ஆகியோரின் ரவுடி பிக்சர்ஸ் தயாரிப்பு. இத்தனை இருந்தும் நாம் வீட்டில் பார்க்கும்படி சோனி லிவ்வில் வந்தது 2023 அக்டோபரில். ஏறத்தாழ இரண்டே முக்கால் வருஷம்.

குடிகாரத் தகப்பன் கணபதி, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது மதுரைப் பக்கத்து வறண்ட காட்டில் வெயிலில் நடை. கதை இவ்வளவே. எலிப்பொந்தில் புகை போட்டுப் பசியாறும் குடும்பம், ஊற்றுக்குழியில் தண்ணீர் மொள்ளக் காத்திருக்கும் பெண்கள், தாகத்துக்கு வாயில் கல்லை அடக்கிக்கொள்ளும் பையன். வீட்டில் அவன் சேர்த்து வைத்திருக்கும் கூழாங்கற்களைக் காட்டும்போதுதான் இந்த நடை இன்று நேற்று நடந்ததல்ல என்று நமக்கு உறைக்கிறது. ஒரு வசனம் இல்லாமல் அந்தப் பிள்ளையின் முழு வரலாறும் சொல்லியாகிவிட்டது.

இதை என் பேரனோடு டிவியில் பார்த்தேன். வெயிலில் இருவரும் நடக்கிற இடத்தில், "தாத்தா, ஒண்ணுமே நடக்கலியே" என்று ரிமோட்டை அழுத்திப் பத்துப் பத்து செகண்டாகத் தள்ளினான். அவன் மேல் தப்பில்லை. அந்த நடையின் தூரமும் சூடும் இருட்டு அரங்கில், பெரிய திரையில், எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டியவை. வீட்டுக்கு வந்துவிட்டது, சரி. வந்த வழியிலேயே பாதி தேய்ந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாசல் மாறியதே தவிர வாசற்காவல் போகவில்லை

பிரிண்ட் செலவு போனது. ஆனால் தியேட்டரில் டிஜிட்டல் புரொஜெக்டர் வைத்துக்கொடுத்த கம்பெனிகள், ஒவ்வொரு திரைக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் கட்டணம் வாங்கின. மெஷின் போட்ட முதலை எடுத்த பின்னும் ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டுத்தான் 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் வரை தமிழில் புதுப்படமே வராமல் வேலைநிறுத்தம் நடந்தது. 2013ல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். மூலம் வீட்டுக்கு அனுப்ப நினைத்தார். தியேட்டர்க்காரர்கள் எதிர்த்தார்கள், நினைத்தபடி நடக்கவில்லை. 2015ல் இயக்குநர் சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை சி2எச் என்ற ஏற்பாட்டில் டிவிடியாக வீட்டுக்கே விற்றார். நல்ல எண்ணம், நிலைக்கவில்லை. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தபோதும் தியேட்டர்க்காரர்கள் கொதித்தார்கள்.

அதன் பிறகு ஓ.டி.டி.தான் சிறிய படங்களின் சொர்க்கம் என்றார்கள். மண்டிக்காரன் கண்ணுக்கு இதில் ஒரு ஆபத்து தெரிகிறது. முன்பு ஏழெட்டு ஏரியா, ஏழெட்டு விநியோகஸ்தர். ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவர் உண்டு. இன்று பெரிய கொள்முதல்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். வாங்குபவன் குறைந்தால் விலையை அவனே சொல்வான், தரத்தையும் அவனே சொல்வான். இப்போது, முதலில் தியேட்டரில் ஓடிய கணக்கைக் காட்டு என்று கேட்பதாகத் தயாரிப்பாளர்கள் புலம்புகிறார்கள். தியேட்டர்க்காரரோ தெரிந்த முகம் எங்கே என்கிறார். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தாயிற்று.

நம் பங்கு என்ன?

2004ல் கன்னடத் திரையுலகினர், பிறமொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்தே இங்கு வரலாம் என்றபோது நமக்கு வருத்தம். அவர்கள் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கடை பக்கத்தில் வந்தால் சின்னக் கடைக்காரன் பயப்படத்தான் செய்வான். ஆனால் நாம் வருத்தப்பட்டதெல்லாம் நட்சத்திரப் படங்களுக்கே. கதவு திறந்திருந்த நாட்களில், மல்டிபிளெக்ஸில் காலை பத்து மணிக்கு ஒரே காட்சியாக ஒரு சிறு தமிழ்ப்படம் ஓடியபோது உள்ளே என்னைச் சேர்த்து நாலு பேர். மெஜஸ்டிக்கில் கபாலி இன்றில்லை, ரெக்ஸ் 2018 டிசம்பர் கடைசி நாளோடு மூடப்பட்டது. மூடும்போது போட்டோ எடுக்க வந்தவர்கள் படம் பார்க்க வந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தவற்றையும் மறைக்கலாகாது. ஒரு காலத்தில் நடைபாதையில் முப்பது ரூபாய்க்குத் திருட்டு சி.டி. வாங்கி வந்தவன் நானும்தான். "ஏங்க, இது திருட்டு இல்லையா?" என்று வீட்டம்மாள் கேட்டார். நான் திருடவில்லையே என்று சமாளித்தேன். பிற்பாடு தத்துவார்த்த சூத்திரம் படிக்கும்போது, களவாடாமை என்னும் விரதத்துக்கு வரும் குற்றங்களில், திருட்டுப் பொருளை வாங்குவதும், கள்ள எடையும், போலிச் சரக்கு விற்பதும் வரிசையாகச் சொல்லியிருப்பதைக் கண்டேன். தராசில் நாற்பது வருஷம் ஒரு குன்றிமணி பிசகாமல் நிறுத்தவன், சினிமா விஷயத்தில் அந்த விரதத்தை உடைத்திருக்கிறேன். நான் மிச்சம் பிடித்த காசு எந்தப் பிள்ளையின் இரண்டாவது படம் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே குறை சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு யோசனை. நம் சங்கங்களில் அரங்கு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. ஐம்பது குடும்பங்கள் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு சிறு தமிழ்ப்படத்தை, உரியவரிடம் அனுமதி பெற்று, உரிய தொகை கொடுத்து, இருட்டு அரங்கில் திரையிடலாம். கன்னட நண்பர்களையும் அழைப்போம், அவர்கள் படத்தையும் போடுவோம். படம் முடிந்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசியை வாங்கவும் கூடாது, தள்ளவும் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். சிறிய படங்களுக்கு அந்த ஒரு மரியாதையாவது செய்வோம். முதல் திரையிடலுக்கு என் குடும்பத்தின் பெயரை முதல் கையொப்பமாக எழுதிக்கொள்ளும்படி சங்கத்துச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கையொப்பம் உங்களுடையதாகட்டும்.