குரலுக்குள் ஒரு கத்தரி

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெண்கள் உறைவிடப் பள்ளிகளில் புத்தகம் பல சமயம் காது வழியாகவே வந்து சேர்ந்தது. ஒருவர் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். உச்சரிப்பு திருந்தும், கை சும்மா இராது, எல்லோருக்கும் ஒரே பிரதி போதும். இன்னொரு வசதியும் உண்டு: வாசிப்பவர் ஒரு பத்தியைத் தாண்டிப் போனால் கேட்பவருக்குத் தெரியாது. தணிக்கை என்றால் தடை செய்த நூல்களின் பட்டியல் என்றே நினைக்கிறோம். இங்கே அது குரலுக்குள்ளேயே நடந்தது.

இதற்கான பயிற்சி வீட்டில் தொடங்கியது. 1807இல் வெளியான லாம் உடன்பிறப்புகளின் ஷேக்ஸ்பியர் கதைகளுக்கு எழுதிய முன்னுரை இதைப் பச்சையாகவே சொல்கிறது. பையன்கள் சிறு வயதிலேயே அப்பாவின் நூலகத்தில் புழங்குகிறார்கள், பெண்களுக்கு அந்த அனுமதி தாமதமாகத்தான் கிடைக்கிறது. ஆகவே, தங்கையின் காதுக்கு ஏற்ற பகுதிகளை அண்ணன் தேர்ந்தெடுத்து வாசித்துக் காட்டட்டும் என்பது அதன் யோசனை. நூலின் பெரும்பாலான கதைகளை எழுதியவர் மேரி லாம். முதல் பதிப்பின் முகப்பில் அவர் பெயரே இல்லை.

அதே ஆண்டு பாத் நகரில் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ வந்தது. 20 நாடகங்களைக் கத்தரித்துத் தந்தவர் ஹென்றியேட்டா பௌட்லர். அவர் பெயரும் அச்சாகவில்லை. இன்ன வரி தகாதது என்று ஒரு பெண் நீக்கினால், அது அவருக்குப் புரிந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா! 1818இல் 10 தொகுதிகளாக விரிந்த பதிப்பு சகோதரர் தாமஸ் பெயரில் வெளிவந்தது. குடும்பத்தில் உரக்க வாசிக்கத் தகாத சொற்களை விட்டுவிட்டதாக அதன் முகப்பே அறிவித்தது. நாக்கு கூசுமா என்பதுதான் அளவுகோல். ஒதெல்லோ தாமஸின் கத்தரிக்கு அடங்கவில்லை. அதைக் கூடத்திலிருந்து எடுத்துத் தனியறையில் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்.

கேட்டு வளர்ந்த பெண்கள் தணிக்கையையும் சேர்த்தே கற்றார்கள். ரோ ஹெட் பள்ளியில் படித்த சார்லட் பிராண்டி, 1834 ஜூலையில் தோழி எல்லென் நஸ்ஸிக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் எழுதி அனுப்பினார். ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களையும் பைரனின் ‘டான் ஹுவான்’ காவியத்தையும் தவிர்க்கச் சொன்னது அந்தக் கடிதம். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் 18 வயதுப் பெண்ணால் அப்படி எழுதியிருக்க முடியாது.

அதே சார்லட், பள்ளியின் விளக்கணைந்த படுக்கையறையில் வேறு மாதிரி இருந்தார். தூக்கத்தில் நடப்பவனைப் பற்றி அவர் ஒரு கதை கட்டிச் சொல்ல, நோயிலிருந்து அப்போதுதான் தேறிவந்த ஒரு மாணவி பயத்தில் நடுங்கிப்போனதை நஸ்ஸி பின்னாளில் பதிவு செய்தார். கையில் புத்தகமே இல்லாத இந்தக் கதைசொல்லலில் ஆசிரியை எதை வெட்டுவார்?

நூற்றாண்டின் பிற்பகுதியில் டொரோத்தியா பீல், ஃபிரான்ஸஸ் பஸ் போன்றோரின் பள்ளிகள் பெண் கல்வியைத் தீவிரப் படிப்பாக மாற்றின. ஆனாலும் கத்தரி ஓயவில்லை. 1889இல்கூட லூயிஸ் கரோல், பௌட்லர் பதிப்பு போதாது, பெண்களுக்கென்று இன்னும் கடுமையாக வெட்டிய ஷேக்ஸ்பியர் வேண்டும் என்று எழுதினார். அந்தப் பதிப்பை அவர் முடிக்கவில்லை.

பெண்களின் வாசிப்பைப் பற்றி அறிய இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல், கேட் ஃப்ளின்ட் 1993இல் வெளியிட்ட ‘பெண் வாசகி’. அறிவுரை நூல்கள் கற்பனை செய்த பேதைப் பெண்ணை, சுயசரிதைகளில் பேசும் உண்மையான வாசகிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார் அவர். இந்த இரண்டாம் கூட்டம் தடையை மீறியது, ஒளித்து வைத்துப் படித்தது, படித்ததைத் தன் போக்கில் எடைபோட்டது.