அரிதாரம் பூசிய தொண்டை

1990ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகர நீதிமன்றத்தில் ஒரு மூச்சின் மேல் வழக்கு நடந்தது. ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு 1978இல் வெளியிட்ட 'ஸ்டெயின்ட் கிளாஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டு. அதற்குள் 'செய்துவிடு' என்றொரு கட்டளை ஒளிந்திருக்கிறது, அது மனதுக்குள் புகுந்துதான் 1985இல் இரண்டு இளைஞர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்பது குடும்பத்தார் தரப்பு வாதம். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் கூண்டில் ஏறி, வாத்தியம் இல்லாமல் பாடிக் காட்டினார். ஆல்பத்தைத் தலைகீழாக ஓட்டினால், நாற்காலி உடைந்த கதையை யாரோ அம்மாவிடம் சொல்வதுபோல ஒலிக்கிற இடமும் இருக்கிறது என்று கேட்க வைத்தார். தேடுகிறவன் எதையும் கண்டெடுப்பான் என்பது அவர் வாதம். கிட்டார் ஒலியும் பாடகர் மூச்சை வெளியே விடும் ஓசையும் தற்செயலாகச் சேர்ந்ததுதான் அந்தச் சத்தம் என்று நீதிபதி முடிவுசெய்தார். குழு மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அந்தப் பாட்டோ அவர்கள் எழுதியதுகூட இல்லை. ஸ்பூக்கி டூத் என்ற வேறொரு குழுவினுடையதை எடுத்துப் பாடியிருந்தார்கள்.

இரண்டு குடும்பங்களின் துக்கம் அந்த வழக்கில் இருந்தது. அதை லேசாகப் பேச முடியாது. ஆனால் மெட்டலை வெளியே நின்று கேட்பவருக்கும் உள்ளே நின்று கேட்பவருக்கும் உள்ள தூரத்தை அந்த நீதிமன்றம் அளந்து காட்டிவிட்டது. வெளியே நின்றவருக்குச் சாத்தான் கேட்டது. ரசிகனுக்கு மூச்சு கேட்டது.

தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுகிறவர் ராத்திரி முழுக்க ஊரையே நடுங்க வைப்பார். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஊரில் யாரும் அவர்மேல் வழக்குப் போடுவதில்லை. மெட்டலும் வேஷம் கட்டுகிற கலைதான். அதன் ரசனை முழுவதும், வேஷம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே கலைகிறது என்று பார்க்கிற கண்ணிலும் காதிலும் இருக்கிறது.

பழைய மெட்டல் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஒரு சண்டையில் போய் நிற்கும்: பிளாக் சபாத் குழுவின் பாடகர்களில் ஆஸியா, டியோவா? அந்தக் குழு பர்மிங்காம் தொழிலாளிகள் பேட்டையில் பிறந்தது. கிட்டார் வாசித்த டோனி ஐயோமி, தகடு வெட்டும் தொழிற்சாலையில் தன் கடைசி வேலை நாளன்று இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த, தாழ்ந்த நாதத்திலிருந்துதான் ஒரு வகை இசையே கிளம்பியது. அதன்மேல் பாடியவர், முன்னாளில் ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்த ஆஸி ஆஸ்போர்ன். மெல்லிய, மூக்கால் வருகிற குரல். கிட்டார் போகிற வழியிலேயே பல இடங்களில் கூடவே போய்விடும். சங்கீதக்காரர் காதுக்குக் குறைகள் நிறையத் தெரியும். ஆனால் 1970இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள்: உலகம் 'இருட்டின் இளவரசன்' என்று பட்டம் கட்டிய அந்த ஆள், அதில் இருட்டைக் கண்டு பயப்படுகிறவனாகத்தான் பாடுகிறார். அந்தப் பயத்துக்கு, பயிற்சி இல்லாத அந்தக் குரல்தான் பொருத்தம்.

1979இல் அந்த இடத்துக்கு வந்த ரோனி ஜேம்ஸ் டியோ நேரெதிர். குள்ளமான உருவம், அதற்குள்ளிருந்து அரண்மனை மண்டபத்தில் ஒலிப்பது போன்ற குரல். சின்ன வயதில் டிரம்பெட் வாசித்ததுதான் தனக்கு மூச்சுப் பயிற்சி என்று சொன்னவர். 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தில் கிட்டார் கீழே நடக்க, இவர் குரல் மேலே தனி வழியில் போகிறது. ஆஸி பாடும்போது நாம் கதைக்குள் மாட்டிக்கொள்கிறோம். டியோ பாடும்போது கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டுகிற, இன்று மெட்டல் கச்சேரி எங்கும் தெரிகிற அந்தக் கொம்பு முத்திரையைப் பரப்பியதும் அவர்தான். சாத்தான் அடையாளம் என்று பலர் பதறினார்கள். டியோவோ அதைத் தன் இத்தாலியப் பாட்டியிடம் கற்றதாகச் சொன்னார். பாட்டி அதைக் காட்டியது கண்திருஷ்டி கழிக்க!

மூன்றாவது வழி ஹால்ஃபோர்டினுடையது. ரீனோ தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் வெளிவந்த 'பெயின்கில்லர்' ஆல்பத்தின் முதல் பாட்டில், டிரம்ஸ் முழங்கி முடிந்ததும் அவர் குரல் தாரஸ்தாயிக்கும் மேலே ஏறி அங்கேயே குடியிருக்கிறது. பாடகர்களை எத்தனை கட்டை என்று அளந்து ரசித்த ஒரு தலைமுறை நம்மிடம் இருந்ததல்லவா? அவர்களைக் கூட்டி வந்து இதைக் கேட்க வைக்க ஆசையாக இருக்கிறது. சத்தத்துக்கு முகம் சுளிப்பார்கள். சுருதி பிசகாததைக் கண்டு கொஞ்சம் நிமிர்ந்தும் உட்காருவார்கள்.

அடுத்தது, புதிதாகக் கேட்பவர் ஓடிப்போகிற இடம்: க்ரோல். அடித்தொண்டை உறுமல். "இந்த ஆளுக்கு வயித்து வலியா?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடிச் சதைமடிப்பு உண்டு. வழக்கமாகப் பேசும்போதும் பாடும்போதும் அது ஒதுங்கியே இருக்கும். க்ரோல் பாடுகிறவர் அதை அதிர வைக்கிறார். மருத்துவத்தில் அதற்குப் பெயரே பொய்க் குரல்நாண். இந்தக் கலைக்கு இதைவிடப் பொருத்தமான உறுப்பு கிடைக்குமா! தொண்டையே அரிதாரம் பூசிக்கொள்கிறது. கத்தினால் வருவதில்லை இது. அடிவயிற்றிலிருந்து மூச்சை அளந்து விட வேண்டும். அறியாமல் கத்துகிறவர் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்ற ஆசிரியை இதற்கென்றே பாடம் நடத்திப் பல குழுக்களின் பாடகர்களைத் தேற்றியிருக்கிறார்.

உறுமலிலும் நல்லது கெட்டது உண்டு. வார்த்தை பிரிகிறதா? வேகம் கூடும்போது மூச்சு இடறுகிறதா? எல்லா வரியும் ஒரே நிறமா, ஏற்ற இறக்கம் இருக்கிறதா? மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுகிறவரைப் பழுத்த ரசிகர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். இல்லாத கனத்தை அப்படிக் கடன் வாங்கலாம். ஆனால் எழுத்துகள் குழைந்துவிடும். கானிபல் கார்ப்ஸ் குழுவில் 1995 முதல் பாடுகிற ஜார்ஜ் ஃபிஷர், கழுத்தின் அகலத்துக்கே பேர்போனவர். அவ்வளவு தாழ்ந்த ஸ்தாயியிலும் அசைகளைத் தனித்தனியாக உதிர்ப்பார், தவில்காரர் சொற்கட்டு சொல்வதுபோல.

என் வாக்கு ஸ்வீடனின் ஓபெத் குழுவைச் சேர்ந்த மிக்கேல் ஓகர்ஃபெல்டுக்கு. 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில், உறுமி முடித்த அதே தொண்டை அடுத்த அடியில் தாலாட்டுப்போல இறங்குகிறது. இரண்டும் ஒருவர் குரல் என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கும் அந்தக் குழு வந்தது. இரண்டு வருடம் கழித்து வெளியான ஆல்பத்தில் ஓகர்ஃபெல்ட் க்ரோலை அடியோடு விட்டார். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது; 'துரோகம்' என்ற சொல்கூடக் காதில் விழுந்தது. நான்கு ஆல்பங்கள் தாண்டி, 2024இல்தான் உறுமல் திரும்பி வந்தது. அந்த இடைக்காலத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது: அவருடைய மென்குரலின் அழகில் பாதி, அதற்கு முன்னால் வந்த உறுமல் தந்தது.

ஸ்டுடியோவில் எதையும் ஒட்டிச் சரிசெய்யலாம். ஆகவே மெட்டல் ரசிகன் கடைசித் தீர்ப்பை மேடைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான். ஹால்ஃபோர்ட் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே மேடைக்கு வருவார். அயர்ன் மெய்டன் குழுவின் மேடையில் எட்டி என்கிற ராட்சதப் பிணம் ஆடி அசைந்து வரும். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது ரசிகர்கள் ரயில் பிடித்துப் போனார்கள். குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் முறையாக உரிமம் பெற்ற விமானி. 2008 உலகச் சுற்றுப்பயணத்தில் குழுவையும் சாமான்களையும் ஏற்றிய போயிங் 757ஐ அவரே ஓட்டினார். மேடையில் ஓடிக்கொண்டும் தாவிக்கொண்டும் பாடுகிறவர். 2015இல் நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் என்று சிகிச்சை எடுத்தார். அடுத்த வருடமே மேடைக்குத் திரும்பினார். பொம்மையையும் புகையையும் நெருப்பையும் ரசிகன் மன்னிப்பான், கொண்டாடுவான். அவன் மன்னிக்காதது ஒன்றுதான்: முன்பே பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. வேஷம் கட்டலாம், அதற்குள் ஆள் இருக்க வேண்டும்.

மேடைக்குக் கீழேயும் ஒரு கூத்து நடக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிற 'மாஷ் பிட்' பார்வைக்குக் கலவரம். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கச்சேரிக் காணொளிகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோதுகிற கூட்டத்தின் அசைவு வாயு மூலக்கூறுகளின் அசைவை ஒத்திருக்கிறது. வட்டமாகச் சுற்றி ஓடுகிற கூட்டம் சுழல்போல் ஆகிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் இடஞ்சுழியாக. இயற்பியலுக்கு அகப்படாதது உள்ளே இருக்கிற மரியாதை. ஒருவர் விழுந்தால் சுற்றியிருக்கிற நாலு பேர் உடனே தூக்கி நிறுத்த வேண்டும். யாராவது குனிந்து ஷூ கயிறு கட்டினால் மற்றவர்கள் அரண்போல் நின்றுகொள்வார்கள். ஜெர்மனியின் வாக்கென் கிராமத்தில் சுமார் இரண்டாயிரம் பேர்தான். அங்கே 1990இல் தொடங்கிய மெட்டல் திருவிழாவுக்கு இன்று எண்பதாயிரத்துக்கும் மேல் கூடுகிறார்கள். அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியக்காரர்களும் அதில் வாசிக்கிறார்கள். கருப்புச் சட்டைக் கூட்டம் அவர்களுக்கும் தலையாட்டுகிறது.

வேஷம் கலைகிற இடங்களுக்கு வருவோம். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டெமாய்ன் நகரில் யாரோ மேடைக்கு எறிந்த வௌவாலின் தலையை ஆஸி கடித்தார். ரப்பர் பொம்மை என்று நினைத்தேன் என்றார். வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அது வேஷக்காரனின் விபத்து.

நார்வேயில் நடந்தது வேறு. மேஹெம் குழுவைச் சேர்ந்தவர்கள் பிணத்தின் முகம்போல் வெள்ளையும் கருப்பும் பூசினார்கள்; அதுவரை அரிதாரம். 1992இலிருந்து மரத் தேவாலயங்கள் எரியத் தொடங்கின. 1993 ஆகஸ்டில், அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் யூரோனிமஸை, அவர்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்த வார்க் விக்கெர்னெஸ் குத்திக் கொன்றார். கொலைக்கும் தேவாலய எரிப்புக்கும் சேர்த்து 21 வருடச் சிறை விதித்தார்கள். 2009இல் வெளியே வந்தார். 1994இல் வெளிவந்த மேஹெமின் 'டே மிஸ்டீரியிஸ் டோம் சாத்தானாஸ்' ஆல்பத்தில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். விக்கெர்னெஸின் வாசிப்பை நீக்கும்படி இறந்தவரின் பெற்றோர் கேட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் சரியென்றார்; ஆனால் நீக்கவில்லை.

அந்த வகை இசையின் உச்சங்களில் ஒன்று அந்த ஆல்பம். விக்கெர்னெஸ் பர்ஸம் என்ற பெயரில் தனியாகச் செய்த 'ஃபிலோசோஃபெம்' ஆல்பமும் அப்படித்தான். இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு வாங்கி, குரலை வேண்டுமென்றே சிதைத்துப் பதிவுசெய்தது. ரசிகர்கள் இங்கே மூன்றாகப் பிரிகிறார்கள். 'இசை வேறு, ஆள் வேறு' என்பது ஒரு கட்சி. 'தொடவே மாட்டேன்' என்பது இன்னொன்று. 'கேட்பேன், காசு தரமாட்டேன்' என்பது மூன்றாவது. நான் மேஹெமைக் கேட்கிறேன். இறந்தவரின் கிட்டாருக்குக் கீழே பேஸ் முணுமுணுக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சத்தோடு கேட்பதுதான் நியாயம் என்று படுகிறது. பர்ஸத்தை விட்டுவிட்டேன். ரசனை குறைந்து விடவில்லை. கத்தி நிஜமான பிறகு அரிதாரத்தை ரசிக்க எனக்கு வரவில்லை.

பான்டேரா என்ற குழுவின் பாடகர் ஃபில் அன்செல்மோ 2016 ஜனவரியில் ஒரு மேடையில் நாஜி வணக்கம் வைத்து, வெள்ளையின வெறிக் கோஷமும் போட்டார். முதலில் வேடிக்கை என்றார், பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2023இல் ஜெர்மனியின் இரண்டு பெரிய விழாக்கள் பான்டேராவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. மெட்டல் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: சாத்தானைக் கூப்பிட்டவரை அந்த மக்கள் சிரித்து ஏற்றார்கள், பக்கத்து மனிதனை மிதிப்பேன் என்று கூப்பாடு போட்டவரைத்தான் தள்ளி வைத்தார்கள். விழுந்தவரைத் தூக்குகிற கூட்டத்தின் இலக்கணத்தில் அது அடங்கவில்லை.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், தான் வளர்ந்த ஆஸ்டன் பேட்டையிலேயே ஆஸி கடைசியாகப் பாடினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியவில்லை. கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். சபாத்தின் முதல் நால்வரும் 2005க்குப் பிறகு அன்றுதான் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். குரல் நடுங்கியது, சுருதி அங்கங்கே நழுவியது. ஹால்ஃபோர்டையும் டியோவையும் தராசில் வைத்து நிறுக்கிற ரசிகர்கள் யாரும் அன்று தராசை எடுக்கவில்லை. அந்தக் கச்சேரியின் வருமானம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பதினேழாவது நாள் ஆஸி இறந்தார்.