குழந்தைக்கு ஸ்கேன்: சென்னையின் வேகமும் கொழும்பின் காத்திருப்பும்

தி.நகரில் மாலையில் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால், ராயப்பேட்டையிலோ அடையாறிலோ அன்றிரவே எடுத்துவிட முடிகிறது. கொழும்பில் அரச வைத்தியசாலைக்குப் போனால் கட்டணம் இல்லை. ஆனால் அவசரமில்லாத பிள்ளை திகதிக்காகக் காத்திருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் நவலோகா, ஆசிரி என்று தனியார் பக்கம் போகிறார்கள். சென்னையின் வேகத்தை நாம் பெருமையாகச் சொல்வோம். குழந்தையின் பயத்தை வைத்துப் பார்த்தால், அந்த வேகம்தான் நம் பெரிய குறை என்பேன்.

சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ.க்கு இருபது நிமிடம் முதல் முக்கால் மணி வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுக்கும் குழாயின் அகலம் 60 அல்லது 70 செ.மீ. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தலையை எடுப்பதென்றால் முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றைப் பொருத்துவார்கள். பல பிள்ளைகள் மிரளுவது அதைப் பார்த்துத்தான். அழுகையோ அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடும். உள்ளே போகும் முன் உலோகத்தையெல்லாம் கழற்ற வேண்டும்: இங்கே கொலுசு, அரைஞாண், காப்பு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையென்றால் கழுத்திலுள்ள பஞ்சாயுதப் பதக்கம். முன்பின் தெரியாத ஒருவர் அவசர அவசரமாக அவற்றைக் கழற்றும்போதே குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இரு நாட்டிலும் இதற்குக் கைவசமுள்ள தீர்வு தூக்க மருந்துதான். சென்னைத் தாய்மார்களுக்குப் பெடிக்ளோரில் சிரப் நன்றாகத் தெரியும். முந்தைய இரவு குழந்தையைத் தூங்கவிடாதீர்கள் என்பார்கள். காலையில் ஸ்கேன் மையத்தில் சிரப்பைக் கொடுத்துத் தோளில் போட்டு வராந்தாவில் நடக்க வேண்டும். அதற்கும் தூங்காவிட்டால் மயக்க மருத்துவர் வருவார். கைக்குழந்தைக்கும், அசையாமல் இருக்கவே முடியாத பிள்ளைக்கும் இது தேவை. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மயக்கத்துக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, தாய்ப்பாலையும் நான்கு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகளில் பலரைச் சொல்லிப் பழக்கியே படுக்கவைக்க முடியும். அதற்கு நாள் வேண்டும். கொழும்புக்காரரிடம் அது இருக்கிறது, விரும்பாமல் கிடைத்ததாக இருந்தாலும். திகதி வரும்வரை வீட்டில் ஒத்திகை பார்க்கலாம். சென்னையில் மருத்துவர் சீட்டுக்கும் ஸ்கேன் மேசைக்கும் இடையில் ஓர் ஆட்டோ சவாரிதான் இருக்கிறது.

பழக்கம் என்ன செய்யும் என்பதைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பார்க்கலாம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும், இலங்கையில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை அறையில் அம்மா உடன் நிற்க முடியாது. குழந்தை தனியாகத்தான் படுக்க வேண்டும். ஆனால் அடிக்கடி வந்துபோவதால் அந்த அறையும் அங்குள்ள முகங்களும் பழக்கமாகின்றன. ஒரே ஒரு தடவை வந்துபோகும் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை வீடுதான் தர வேண்டும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பல் போல மாற்றினார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, குழந்தையை அதனடியில் படுக்கவைத்து, கைபேசியில் எம்.ஆர்.ஐ. சத்தத்தை ஓடவிட்டு, ‘ஸ்டாச்சு’ விளையாடுங்கள். முதல் நாள் ஒரு நிமிடம், மறுநாள் ஐந்து. கொலுசையும் அரைஞாணையும் வீட்டிலேயே, குழந்தையின் கையாலேயே கழற்றி வையுங்கள். ஊசி உண்டென்றால் மறைக்காதீர்கள். மரக்க வைக்கும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவ முடியுமா என்று கேளுங்கள். அம்மா உள்ளே உட்காரலாமா, அழுத்தினால் ஆள் வரும் ரப்பர் பந்தைக் குழந்தையின் கையில் தருவார்களா என்றும் கேளுங்கள். தூக்க சிரப்பை மட்டும் வீட்டிலோ வண்டியிலோ கொடுத்துவிடாதீர்கள். மூச்சைக் கவனிக்கத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும்.

அவசரம் இல்லையென்று மருத்துவர் சொன்னால், அன்றிரவே ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். இரண்டு நாள் தள்ளித் தேதி கேளுங்கள்.