ஓட்டம் பிரமாதம், ஓட்டைதான் பயம்: ஜே/24

24 அடி நீளம், 1,400 கிலோ சொச்சம் எடை, அதில் 430 கிலோ, படகின் அடியில் நீளும் கீலில் தொங்கும் ஈயம், பந்தயத்துக்கு ஐந்து பேர். ஜே/24 என்ற பந்தயப் பாய்மரப் படகின் இந்தக் கணக்கெல்லாம் படகுக்காரர்களுக்கு மனப்பாடம். 5,000-க்கும் மேல் கட்டி இறக்கியாயிற்று. ஒரு கோடை முழுக்க அமெரிக்காவின் நரகன்செட் விரிகுடாவில் பழைய ஜே/24 ஒன்றோடு மாரடித்தபின் எனக்குப் பேச இருப்பது ஒரே விஷயம்: பல்சா.

முதலில் கொஞ்சம் ஜாதகம். கனெக்டிகட் மாநிலத்தில், ஸ்டோனிங்டனில் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் ராட் ஜான்ஸ்டன் வார இறுதிகளில் கட்டிய 'ராக்டைம்'தான் இதன் மூலம். ஷெட்டில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவே நீளம். 1976-இல் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு பந்தயங்களில் ஜெயித்தார். மறு வருடமே, படகு கட்டும் எவரெட் பியர்சனின் பட்டறையில் வார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடிப்பகுதி, மேல்தளம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபைபர் தோல்கள். நடுவே பல்சா மரம், இழை நெட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்துப் பதித்தது. தடிமன் ஏற ஏற விறைப்பு பல மடங்காகும், எடை கொஞ்சமே கூடும். அதனால்தான் பாய்மரத்தின் பின்கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் இந்தப் படகு விறைத்துக்கொண்டு நிற்கிறது. அருமையான யோசனை, தண்ணீர் உள்ளே போகாதவரை.

போகுமே! கயிற்றை இழுக்கும் வின்ச், அதைப் பிடித்துவைக்கும் கிளீட், கைப்பிடிக் கம்பி என்று திருகு இறங்கும் இடமெல்லாம் வாசல். என் படகின் முந்தைய சொந்தக்காரர் கையில் டிரில் இருந்தால் சும்மா இருக்கமாட்டாதவர். திசைகாட்டிக்கு ஓட்டை, பீர் டம்ளர் தாங்கிக்குக்கூட ஓட்டை. ஓட்டை போடும் சரியான முறை வேறு: பெரிதாகத் துளைத்து, சுற்றியுள்ள பல்சாவைச் சுரண்டி, எபாக்சியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் துளைக்கவேண்டும். பொறுமை யாருக்கு இருக்கிறது? ஊறிப்போன தளத்தைத் தட்டினால் பழுத்த பலாவைத் தட்டியதுபோல 'டொப்' என்கிறது.

ஆரம்பகாலப் படகுகளில் இன்னொரு கூத்து. கீலுக்கு மேலே உள்ள குழியை வெர்மிகுலைட் கலவையால் நிரப்பினார்கள். தொட்டிச் செடிக்கு ஈரம் தங்கட்டும் என்று மண்ணில் கலப்பார்களே, அதே சாமான்! தண்ணீர் புகுந்தால் இதுவும் குடித்துக் கனக்கும். எல்லாப் படகும் ஒன்றுபோல, ஜெயிப்பது ஆளின் கெட்டிக்காரத்தனம் என்பதுதான் ஒன்-டிசைன் பந்தயத்தின் அடிப்படை. ஈரம் சுமந்து கனத்த படகு அந்தப் பேச்சையே கேலியாக்குகிறது.

கேபினைப் பற்றி என்ன சொல்ல? நாலு படுக்கை உண்டு, நிமிர்ந்து நிற்க வழியில்லை. காக்பிட் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியின் மூடியைப் பூட்டாமல் கிளம்பாதீர்கள். பலத்த காற்றில் படகு பக்கவாட்டில் படுத்தால் அது திறந்துகொண்டு தண்ணீர் ஏறும். மூழ்கிய படகுகள் உண்டு.

இவ்வளவு திட்டியும் விற்க மனசில்லை. பெரிய ஜெனோவா பாய் காற்றை அள்ளும்போது சுக்கான் தண்டில் இரண்டு விரல் போதும். இப்படிப் பேச்சைக் கேட்கிற படகு இந்த விலைக்கு வேறு எனக்குத் தெரியாது.

வாங்கலாம். ஆனால் பார்க்கப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் சுத்தியலைக் கொண்டுபோங்கள். வின்ச்சைச் சுற்றி, பாய்மரத்தைச் சுற்றி, பக்கக் கம்பிகள் இறங்கும் இடத்தில் தட்டுங்கள். 'டொக்' என்றால் விலை பேசுங்கள். 'டொப்' என்றால் அடுத்த படகைப் பாருங்கள்.